பழைய வீடியோ கேம்: காரைக்குடி பழம்பொருள் கடையா, கீழக்கரை டிவி மெக்கானிக் கடையா?

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர்களில் இருந்துகொண்டு பழைய வீடியோ கேம் சேகரிக்க விரும்புகிறவர்கள், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள் இருக்கும்போது வேறெங்கும் ஏன் அலைய வேண்டும் என்றுதான் முதலில் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தே எங்கே தேடுவது என்பதும் அமையும். டிவியோடு இணைத்து ஆடும் கேசட் வகைப் பெட்டிகளுக்கு, ராமநாதபுரத்திலும் கீழக்கரையிலும் இன்னும் மூடப்படாமல் இருக்கும் பழைய டிவி ரிப்பேர் கடைகளையே நான் முதலிடத்தில் வைப்பேன். பழம்பொருள் கடைக்கு உரிய இடம் வேறு, அது சிறியது. பழைய இரும்புக் கடை, வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் வீடுகள், இணையச் சந்தை ஆகிய மூன்றும் இவற்றோடு போட்டியிடுகின்றன.

பழம்பொருள் கடைக்கு என்ன வருகிறது என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்படும்போது வெளியேறும் தேக்குத் தூண், நிலைக்கதவு, எனாமல் தூக்கு, ரவிவர்மா படம், சுவர்க் கடிகாரம் ஆகியவையே அங்கே முதன்மைச் சரக்கு. மின்பொருள் என்றால் வால்வு ரேடியோவும் கிராமபோனும் பெட்டிக் கேமராவும் கண்ணாடி அலமாரிக்குள் இடம்பிடிக்கும். பிளாஸ்டிக்கால் ஆன எதையும் அந்தக் கடைக்காரர்கள் பழம்பொருளாக மதிப்பதில்லை. 1990-களில் விற்ற டிவி கேம் பெட்டியை அவர்களிடம் கொண்டுபோனால் வாங்கவே யோசிப்பார்கள். ஆகவே 'வீடியோ கேம் இருக்கிறதா' என்று பொதுவாகக் கேட்டால் 'இல்லை' என்ற பதிலோடு திரும்ப நேரிடும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ 1980-ல் தொடங்கிய கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்க கேம் வரிசை, சட்டைப்பையில் அடங்கும் அளவும் மூலையில் ஒரு கடிகாரமும் கொண்டதாக இருந்தமையால், கடைக்காரர்களின் கண்ணுக்கு அது கடிகார வகையாகவே படுகிறது. பர்மா, மலேயா தொழில் தொடர்பு தலைமுறைகளாகத் தொடர்ந்த நகரத்தார் குடும்பங்களின் அலமாரிகளில் சிங்கப்பூரிலிருந்து வந்த இத்தகைய சிறு பொருள்கள் தங்கியிருக்க வாய்ப்பு மிகுதி என்பதால், பழைய கைக்கடிகாரங்களும் பேனாக்களும் போட்டுவைத்திருக்கும் தட்டைக் கிளறிப் பார்ப்பது வீண்போகாது. 1982-ல் வெளிவந்த இரட்டைத் திரை டாங்கி காங் அங்கே கண்ணில் பட்டால் அதைக் கீழே வைக்காதீர்கள். இன்றைய பெரும்பாலான ஜாய்ஸ்டிக்குகளில் இருக்கும் சிலுவை வடிவப் பொத்தான், நிண்டெண்டோ வடிவமைப்பாளர் குன்பே யோகோயின் வடிவமைப்பில் முதன்முதலாக இடம்பெற்றது அந்தப் பொருளில்தான். வாங்குமுன் பட்டன் பேட்டரி மூடியைத் திறந்து முனைகளைப் பார்க்க வேண்டும். திரை விளிம்பில் மை பரவியதுபோல் கருமை தெரிந்தால் விலையைப் பாதியாகக் குறைத்துக் கேட்கலாம்.

பழம்பொருள் கடையின் பெரிய குறை விலையன்று, சோதித்துப் பார்க்க வழியில்லாமையே. 'ஆன்டிக் பீஸ் சார், ஓடினா என்ன, ஓடாட்டி என்ன' என்பார் கடைக்காரர். அவருக்கு அது உண்மையாகவே ஒரு பொருட்டில்லை, ஏனெனில் அவரிடம் வாங்குகிறவர்களில் பலர் ஓடாத கடிகாரத்தைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கிறவர்கள். வேறொரு தொல்லையும் உண்டு: பித்தளைக்குப் பாலிஷ் போடும் பழக்கத்தில் பிளாஸ்டிக்கையும் எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்துவிடுவார்கள், மேலட்டையின் எழுத்துகள் அதோடு போய்விடும். ராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றியும் அக்னி தீர்த்தக் கரையிலும் இருக்கும் கடைகளைச் சிலர் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். அங்கே விற்பவை சங்கும் சிப்பியும் பாசிமணியும்தான்.

பழைய இரும்புக் கடை இதற்கு நேர் எதிரான உலகம். பழைய சாமானுக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலம் போய், இப்போது சரக்கு வண்டியில் ஒலிபெருக்கி கட்டிப் பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுத் தெருத்தெருவாக வருகிறார்கள். அந்த வண்டியில் ஏறும் கேம் பெட்டி கிலோக் கணக்கில் போவதால், விலையில் இதை வெல்ல வேறு இடம் கிடையாது. ஆனால் கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் பிளாஸ்டிக் தனியாகவும், சர்க்யூட் போர்டு தனியாகவும், ஒயர் தனியாகவும் பிரிக்கப்பட்டுவிடும். முழுப் பெட்டியாக ஒன்று சாக்கின் மேல் கிடக்கும் நேரம் மிகக் குறைவு. அந்த நேரத்தில் நாம் அங்கே நிற்க வேண்டும். கடைக்காரரிடம் பேசி வைத்து, பெட்டி வந்தால் உடைக்காமல் எடுத்து வையுங்கள் என்று சொல்லி வருவது ஒன்றே வழி. அப்படிச் சொன்ன கணமே அதற்கு விலை உண்டு என்று அவருக்குத் தெரிந்துவிடுவதால், இந்த வழியின் ஒரே நன்மையையும் நாமே கெடுத்துக்கொள்கிறோம்.

இனி மெக்கானிக் கடை. ஒரு டிவி ரிப்பேர் கடையில் 1990-களின் பொருள்கள் ஏன் தங்குகின்றன என்பதற்குக் காரணம் எளிது: ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள் திரும்ப வருவதில்லை, மெக்கானிக் உதிரிபாகத்துக்கு ஆகும் என்று எதையும் எறிவதில்லை. அதோடு தமிழ்நாட்டில் 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 14 அங்குலப் படக்குழாய் டிவியைக் கடற்கரைக் குப்பங்கள் வரை கொண்டுசேர்த்தது. திருவிழாக் கடைகளிலும் பஜார்களிலும் மலிவாக விற்ற கேம் பெட்டிகள் அந்த டிவிகளோடு இணைந்தே ஓடின, பழுதானபோது இரண்டும் ஒரே கடைக்கு வந்தன. ராமநாதபுரம் அரண்மனைப் பகுதியிலோ கீழக்கரைக் கடைத்தெருவிலோ அப்படிப்பட்ட கடைக்குள் நுழைந்து, 'அண்ணே, கேசட் போட்டு ஆடுற பழைய டிவி கேம் ஏதும் கிடக்கா?' என்று கேட்டுப் பாருங்கள். 'மேல அட்டைப்பெட்டியில கிடக்கும், நீயே ஏறி எடுத்துப் பாரு தம்பி. அடாப்டர் மட்டும் எங்கிட்ட கேக்காத' என்பது போன்ற பதில்தான் வரும். ஸ்டூலில் ஏறினால், ரிமோட் கவர்களுக்கும் பிளைபேக் டிரான்ஸ்ஃபார்மர்களுக்கும் அடியில், ஒயர் சுற்றிய ஜாய்ஸ்டிக் ஒன்றாவது கையில் தட்டுப்படும்.

வேறு எந்தக் கடையிலும் இல்லாத ஒரு வசதி இங்கே மேசைமேல் இருக்கிறது: ஓடுகிற படக்குழாய் டிவி. கேம் பெட்டியோடு வரும் துப்பாக்கியைச் சோதிக்க இது இல்லாமல் முடியாது. வாத்து சுடும் ஆட்டத்தில் விசையை அழுத்தியவுடன் கேம் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் திரையைக் கறுப்பாக்கி, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் காட்டுகிறது. துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்ததா என்பதைக் கொண்டே குறி தீர்மானிக்கப்படுகிறது. எலக்ட்ரான் கற்றை வரிவரியாக வரையும் படக்குழாயின் வேகத்துக்கு ஏற்ப இது அமைக்கப்பட்டதால், வீட்டில் இருக்கும் எல்இடி டிவியில் நல்ல துப்பாக்கியும் கெட்டுப்போனதாகவே காட்டும். வேறெங்கோ வாங்கி வந்து வீட்டு டிவியில் போட்டுப் பார்த்துவிட்டு ஏமாந்தோம் என்று சொல்கிறவர்கள் பலர் உண்மையில் ஏமாறவில்லை.

இங்கே கிடைப்பவற்றில் அசல் நிண்டெண்டோ மிக அரிது என்பதைத் தெளிந்தே போக வேண்டும். நிண்டெண்டோ 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியின் நகல்களே லிட்டில் மாஸ்டர் முதலிய பெயர்களில் இந்தியச் சந்தையை ஆண்டன. நகல் என்பதால் தள்ளிவிடுவது அறியாமை. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்ற அசலை எப்போது வேண்டுமானாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம், நம் ஊர்ப் பிள்ளைகள் ஆடிய நகலை இங்கே மட்டுமே எடுக்க முடியும். ஆனால் நகலிலும் இரண்டு தலைமுறை உண்டு. திருகுகளைக் கழற்றிப் பார்த்தால், முந்தியவற்றில் தைவானின் யுஎம்சி நிறுவனம் செய்த பெரிய சிப்புகள் தனித்தனியாக அமர்ந்திருக்கும்; பிந்தியவற்றில் போர்டின் நடுவே ஒரு கறுப்புப் பிசின் பொட்டு மட்டும் இருக்கும், மொத்தக் கருவியும் அந்தப் பொட்டுக்குள் அடங்கிவிடும். முந்தியதைப் பழுது பார்க்கலாம், பிந்தியதில் பொட்டு போனால் எல்லாம் போயிற்று. கையில் தூக்கிப் பார்த்து எடையைக் கொண்டு முடிவு செய்கிறவர்களை நம்பாதீர்கள், திறந்து காட்டச் சொல்லுங்கள். மெக்கானிக்குக்கு அது ஒரு நிமிட வேலை, பழம்பொருள் கடையில் அதைக் கேட்டால் முகம் மாறிவிடும். கேசட்டிலும் இதே கதைதான். ஒரே கேசட்டில் பல்லாயிரம் ஆட்டம் என்று ஒட்டியிருப்பவை சில ஆட்டங்களையே வெவ்வேறு கட்டங்களிலிருந்து தொடங்கவைத்து எண்ணிக்கை காட்டுபவை. கான்ட்ரா என்ற ஆட்டம் தனிக் கேசட்டாகக் கிடைத்தால் அதை எடுங்கள்.

இந்தக் கரைக்கே உரிய சோதனை உப்புக் காற்று. ராமேஸ்வரம் தீவிலும் மண்டபத்திலும் இரு பக்கமும் கடல். வாலிநோக்கத்தில் உப்பளமே இருக்கிறது. நம் ஊரில் கிடைக்கும் பொருளுக்கும் காரைக்குடியில் கிடைக்கும் பொருளுக்கும் இடையே உள்ள மெய்யான வேறுபாடு இதுதான்; உள்நாட்டில் காய்ந்த வீட்டில் கிடந்த பெட்டி நிறம் மங்கியிருந்தாலும் உள்ளே உலர்ந்திருக்கும், கடலோரப் பெட்டி வெளியே புதிதாகத் தெரிந்தாலும் உள்ளே பச்சை பூத்திருக்கும். வெயிலாலும் வயதாலும் பிளாஸ்டிக் மஞ்சளாவது தோற்றக் கேடு மட்டுமே, அதைப் பொருட்படுத்த வேண்டாம். கேசட்டின் வாயில் வரிசையாக இருக்கும் செப்புப் பற்களைப் பாருங்கள். மேலே மங்கலான பழுப்புப் படிவு மட்டும் இருந்தால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்துவிடலாம். பச்சை நிறம் பற்களின் ஓரத்தைத் தாண்டிப் போர்டின் மெல்லிய கோடுகளுக்குள் இறங்கியிருந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுவது நல்லது. சிறு வயதில் எல்லோரும் செய்ததுபோல் வாயால் ஊதிப் பார்ப்பதைக் கடைக்காரர் முன்னால் கூடச் செய்யக் கூடாது. அந்த எச்சில் ஈரம் உப்போடு சேர்ந்து பற்களை அரிக்கும். இந்த ஒரு அம்சத்தில் மட்டும் காரைக்குடி தெளிவாக முந்துகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வளைகுடா சென்று திரும்பியவர்களின் வீடுகள் இன்னொரு வகை. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி ஆகிய ஊர்களில் துபாய், சவுதிச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடுகளின் பரண்களில் பிளேஸ்டேஷனும் கேம் பாயும் அசலாகவே கிடக்கக் கூடும். 1989-ன் முதல் கேம் பாய் நான்கு பென்சில் பேட்டரியில் ஓடுவது. பேட்டரியை எடுக்காமல் பரணில் போட்டிருந்தால் பேட்டரி அறை முழுதும் வெண்பொடி பூத்திருக்கும், ஆனால் அதன் தகட்டு முனைகளை மாற்றிவிட முடியும். அரபு எழுத்து விசைப்பலகை கொண்ட, சக்ர் என்ற பெயரில் விற்ற கணினி எங்காவது தென்பட்டால் அதைப் பழைய கம்ப்யூட்டர் என்று கடந்துபோக வேண்டாம். எம்எஸ்எக்ஸ் என்ற வகை வீட்டுக் கணினியையும் சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கேம் பெட்டியையும் ஒரே உடலில் சேர்த்த ஏஎக்ஸ்-990 அந்த வரிசையைச் சேர்ந்தது. சிக்கல் சரக்கில் இல்லை, வழியில்தான் இருக்கிறது. முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பரணைக் காட்டுங்கள் என்று கேட்க முடியாது. தெரிந்த ஒருவர் உடன் வந்து, 'காக்கா (அண்ணா), நம்ம பையன்தான், பிள்ளைங்க ஆடின பழைய கேம் கிடந்தா விலைக்குத் தாங்க' என்று சொன்னால் மட்டுமே கதவு திறக்கும். திறந்த பிறகு பல வீடுகளில் விலையே வாங்க மாட்டார்கள் என்பதால், கையில் ஏதாவது பலகாரம் வாங்கிக்கொண்டு போவது முறை. வீட்டை இடிக்கும்போதோ வெள்ளை அடிக்கும்போதோதான் பரண் காலியாகிறது என்பதால், கொத்தனாரையும் பெயின்டரையும் பழக்கம் பிடித்து வைத்திருப்பவர் நம் எல்லோரையும் முந்திக்கொள்வார்.

இணையச் சந்தையைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், அங்கே எல்லோருக்கும் விலை தெரியும் என்பதும், படத்தில் உப்பு தெரியாது என்பதும். பெயர் சொல்லித் தேடும் ஒற்றைப் பொருளுக்கு அது உதவும். அதைவிட அதிகமாக உதவுவது உதிரிபாகத்துக்கு. நிண்டெண்டோ கேசட்டுகளைத் திறக்கத் தேவைப்படும் 3.8 மில்லிமீட்டர் தனித் திருப்புளியும் ஃபேமிகாம் வகைக்கு உரிய 60 முள் இணைப்பானும் ராமநாதபுரத்தில் எந்தக் கடையிலும் கேட்டுப் பயனில்லை. மெக்கானிக் தரமாட்டேன் என்று சொன்ன அடாப்டரும் அப்படியே. வாங்கும்போது வோல்ட்டை மட்டும் பார்த்தால் போதாது, நடுமுனை நேரா (+) எதிரா (−) என்பதைக் கருவியின் அடியில் இருக்கும் குறியோடு ஒப்பிட்டாக வேண்டும், ஏனெனில் மெகா டிரைவின் முதல் மாதிரிக்கு நடுமுனை எதிர், இரண்டாம் மாதிரிக்கு நேர்.