பிழையை ஒப்புக்கொள்ளும் ஆங்கிலம்: எந்தத் தொடர் எங்கே பொருந்தும்?

அலுவலக மின்னஞ்சலில் பிழையை ஒப்புக்கொள்ள நேரும்போது நம்மவர்கள் பலர் எழுதுவது ‘ஐ டிட் எ மிஸ்டேக்’. தமிழில் தவறு ‘செய்கிறோம்’ என்பதால் ‘டூ’ வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆங்கில மரபிலோ ‘ஐ மேட் எ மிஸ்டேக்’ என்பதே சரி. ‘கமிட்டட்’ என்று எழுதுவதும் பிழையன்று. ஆனால் அந்த வினை குற்றச்செயல்களோடு அதிகம் பழகியதாதலால், சிறு கவனக்குறைவுக்குக்கூட வழக்குப் பதிவு வாடை அடிக்கச் செய்துவிடும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது ‘மிஸ்டேக்ஸ் வேர் மேட்’ என்னும் தொடர். இதில் இலக்கணம் பழுதற்றது. தவறு செய்தவர்தான் காணாமற்போகிறார். எதிர்க்கட்சி அலுவலகத்தில் புகுந்து ஒட்டுக்கேட்க முயன்ற வாட்டர்கேட் விவகாரத்தில் 1973 மே மாதம் வாஷிங்டன் போஸ்ட் நாளேட்டிடம் மன்னிப்புக் கேட்ட அமெரிக்க அதிபர் நிக்சனின் செய்திச் செயலர் ரான் ஜீக்லரும், ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற ஈரான்-கான்ட்ரா விவகாரம் பற்றி 1987 ஜனவரியில் அமெரிக்கக் காங்கிரஸில் பேசிய அதிபர் ரீகனும் இதையே கையாண்டார்கள். (ஜீக்லர் தம் பங்கையும் உடனே ஒப்புக்கொண்டார் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று.) இன்று அத்தொடரைப் படிக்கும் ஆங்கில வாசகர், பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறார். என் கணக்கில் ‘டிட் எ மிஸ்டேக்’ காதை மட்டுமே உறுத்துகிறது. இதுவோ நம்பிக்கையைக் கெடுக்கிறது.

இன்வாய்ஸில் ஜிஎஸ்டி 18 சதவீதத்துக்குப் பதில் 5 என்று பதிவாகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். ‘தி ராங் ரேட் வாஸ் என்டர்டு’ என்றால், யார் பதிந்தது என்று வாடிக்கையாளர் கேட்பார், ‘ஐ என்டர்டு தி ராங் ரேட், தி கரெக்டட் இன்வாய்ஸ் இஸ் அட்டாச்டு’ என்றால் அவருக்குக் கேட்க எதுவும் இல்லை. பதிந்தவர் யாரென்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கும் நிலையில் மட்டும் முதல் வாக்கியமே நேர்மையானது.

‘ரிக்ரெட்’, ‘அபாலஜைஸ்’ இரண்டும் ஒன்றல்ல. ‘வி ரிக்ரெட் தி எரர்’ என்பது நிறுவனத்தின் பெயரால் வருத்தம் தெரிவிப்பதோடு நின்றுவிடும். நாளேட்டுத் திருத்தக் குறிப்புக்கு அது போதும், பணம் இழந்தவருக்குப் போதாது. அவருக்கு ‘அபாலஜைஸ்’ என்றே எழுத வேண்டும். அப்போது ‘ஃபார்’ விடுபடக்கூடாது: ‘ஐ அபாலஜைஸ் ஃபார் தி எரர்’.