ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட் (2022): நாவலோடு சேர்த்து மறுபடி மறுபடி பார்த்தபின்

(நாவலின் முடிவும் படத்தின் முடிவும் இதில் வெளிப்படையாகப் பேசப்படுகின்றன.)

எட்வர்ட் பெர்கரின் இந்தப் படம் 2022 அக்டோபர் 28 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்ததிலிருந்தே அதைப் பற்றிய பேச்சு இரண்டு கட்சியாகத்தான் நடக்கிறது. முதல் உலகப் போரில் ஜெர்மன் பட்டாளத்தில் சேர்ந்த பள்ளிப் பையன்களைப் பற்றிய எரிக் மரியா ரெமார்க்கின் நாவலைப் படிக்காமல் பார்த்தவர்களில் பெரும்பாலோர் உலுக்கப்பட்டார்கள். படித்துவிட்டுப் பார்த்தவர்களில் பலருக்குக் கோபம். 2023இல் பிரிட்டிஷ் திரைப்பட விருதான பாஃப்டாவில் சிறந்த படம் உட்பட 7 விருதுகளும், ஆஸ்கரில் சர்வதேசப் படம், ஒளிப்பதிவு, இசை, தயாரிப்பு வடிவமைப்பு என 4 விருதுகளும் கிடைத்தன. நாவல் பிறந்த ஜெர்மனியிலோ, விமர்சகர்கள் சிலர் நாவலின் பெயரை வைத்துக்கொண்டு வேறு கதை எடுத்துவிட்டார்கள் என்கிற அளவுக்குப் போனார்கள்.

படத்தையும் நாவலையும் மாற்றி மாற்றித் திரும்பப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. படித்தவர்களின் கோபம் நியாயமானதுதான். ஆனால் பெரும்பாலும் அது படத்தில் சேர்க்கப்பட்டவற்றின் மேல் போய் விழுகிறது. படத்தைக் குறைத்துவிட்டது, அதிலிருந்து எடுக்கப்பட்ட ஓர் அத்தியாயம்.

நாவலில் 12 அத்தியாயங்கள். முதல் அத்தியாயம் போர்க்களத்தில் தொடங்கவில்லை, சாப்பாட்டுக் கியூவில் தொடங்குகிறது. 150 பேருக்குச் சமைத்தாகிவிட்டது, முன்னணியிலிருந்து திரும்பியவர்கள் 80 பேர். மீதிப் பேரின் பங்கை யாருக்குக் கொடுப்பது என்று சமையல்காரர் இழுத்தடிக்கிறார். பசித்த பையன்கள் இரட்டைப் பங்கு கிடைத்த சந்தோஷத்தில் இருக்கிறார்கள். கம்பெனியில் ஏறத்தாழ பாதிப் பேர் போய்விட்டார்கள் என்ற செய்தி நமக்கு அப்படித்தான் வந்து சேர்கிறது. நாவல் முழுக்க ரெமார்க் வேலை செய்வது இந்த வகையில்: ரொட்டி, பேன், எலி, திறந்தவெளிக் கழிப்பிடத்தில் உட்கார்ந்து சீட்டாடுவது, வயதில் மூத்த சிப்பாய் கட்சின்ஸ்கியோடு இரவில் வாத்து திருடிச் சுட்டுத் தின்பது. சண்டைகள் குறைவு. வரும்போது தாங்க முடியாதபடி வருகின்றன, ஏனென்றால் நடுவில் இந்தப் பையன்களோடு நாம் நிறைய நேரம் சும்மா இருந்திருக்கிறோம்.

படத்தில் அந்தச் சும்மா நேரம் மிகக் குறைவு. 1917 வசந்தத்தில் பள்ளிப் பையன்கள் பட்டாளத்தில் சேர்கிறார்கள். முன்னணியில் முதல் இரவு, முதல் குண்டுவீச்சு, முதல் சாவு முடிந்ததும் கதை சுமார் 18 மாதம் தாவி 1918 நவம்பரில் இறங்குகிறது. பையன்கள் கிழட்டுச் சிப்பாய்களாக மாறுகிற காலம் முழுவதும் அந்தத் தாவலுக்குள் போய்விடுகிறது. வாத்துத் திருட்டு இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. பயிற்சி முகாமில் வதைக்கும் ஹிம்மல்ஸ்டாஸ் இல்லவே இல்லை. ஊரில் தபால்காரனாக இருந்த ஒருவன் கையில் கொஞ்சம் அதிகாரம் வந்ததும் என்ன ஆகிறான் என்பது நாவலின் கூர்மையான பகுதிகளில் ஒன்று. அவன் இல்லாததால் படத்தில் அதிகாரம் எப்போதும் தூரத்து மாளிகையில் ஒயின் குடிக்கும் தளபதியிடம் மட்டுமே இருப்பதுபோல் ஆகிவிடுகிறது.

நான் சொல்லும் அந்த அத்தியாயம் ஏழாவது. கதையைச் சொல்லும் பால் பாய்மருக்கு 17 நாள் கிடைக்கிறது: 14 நாள் விடுப்பு, பயணத்துக்கு 3 நாள். ஊருக்குப் போகிறான். அம்மா புற்றுநோயில் படுத்திருக்கிறாள். அவனுக்காக உருளைக்கிழங்கு அடையும் பழ ஜாமும் எடுத்து வைத்திருக்கிறாள். தெருவில் ஒரு மேஜர், சல்யூட் அடிக்கவில்லை என்று அவனைத் திரும்ப நடந்துவரச் சொல்லி அவமானப்படுத்துகிறார். மதுக்கடையில் ஊர்ப் பெரியவர்கள் எந்தெந்த நாட்டை இணைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள், முன்னணியில் இருப்பவனுக்கு மொத்தப் படமும் தெரியாது என்று அவனுக்கே பாடம் எடுக்கிறார்கள். அறையில் அவன் காசு சேர்த்து வாங்கிய புத்தகங்கள் அடுக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டுகிறான், எதுவும் அவனிடம் பேசவில்லை. செத்துப்போன பள்ளித் தோழன் கெம்மரிக்கின் தாயிடம் போய், உங்கள் மகன் வலியில்லாமல் உடனே இறந்தான் என்று பொய்ச் சத்தியம் செய்கிறான். கடைசி இரவில் அம்மா படுக்கையோரம் நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறாள், அவன் தூங்குவதாக நடிக்கிறான். விடுப்பில் வந்தே இருக்கக் கூடாது என்பதுதான் அவன் எடுத்துக்கொண்டு போகும் முடிவு.

படத்தில் இது முழுவதும் இல்லை. பால் கிளம்பினான் என்றால் கிளம்பினான், வீடு மறுபடி வருவதே இல்லை. இதன் விளைவு முதல் முறை பார்க்கும்போது தெரியாது. திரும்பப் பார்க்கும்போது, இரண்டாம் பாதியில் பாலின் முகத்தில் தெரியும் வெறுமைக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கிறது: சண்டை. நாவலிலோ, போர் முடிந்தாலும் திரும்பிப் போக இடம் இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ‘தப்பித்து ஊர் போய்விட மாட்டானா’ என்ற தவிப்பில் படம் பார்வையாளரைக் கடைசிவரை வைத்திருக்கிறது. நாவல் படித்தவருக்கு அந்தத் தவிப்பு பாதிப் புத்தகத்திலேயே முடிந்து, அதைவிடக் கனமான ஒன்று வந்துவிடுகிறது. பாலாக வரும் ஃபெலிக்ஸ் கம்மரர் அருமையாக நடித்திருக்கிறார். அவருக்கு அந்த 14 நாள் கொடுக்கப்படவில்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம்.

சேர்த்தவற்றில் ஒன்று நாவலுக்குச் சமமாக நிற்கிறது: சீருடை. படத்தின் ஆரம்பத்தில் ஹைன்ரிச் என்ற சிப்பாய் தாக்குதலில் சாகிறான். அவன் உடம்பிலிருந்து கழற்றிய சட்டை மூட்டையாகக் கட்டப்பட்டு, இரத்தம் கலந்த தண்ணீரில் துவைக்கப்பட்டு, வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து தைக்கும் கூடத்தில் ஓட்டை அடைக்கப்பட்டு, புதிதாகச் சேர்ந்த பாலின் கைக்கு வருகிறது. காலரில் வேறொருவன் பெயர் இருக்கிறதே என்று அவன் கேட்க, அளவு சரியாக இருந்திருக்காது, அடிக்கடி நடப்பதுதான் என்று சொல்லிப் பெயர்ச் சீட்டைக் கிழித்துவிடுகிறார் அதிகாரி. நாவலில் இந்த வேலையைச் செய்வது கெம்மரிக்கின் பூட்ஸ். ஆங்கிலேய விமானிகளின் மெத்தென்ற மஞ்சள் தோல் பூட்ஸ். கெம்மரிக்கிடமிருந்து முல்லருக்கு, முல்லரிடமிருந்து பாலுக்கு, பாலுக்குப் பிறகு ட்யாடனுக்கு என்று பேச்சு. பூட்ஸ் நண்பர்களுக்குள் கைமாறுகிறது, சீருடையை அரசாங்கமே சுழற்றுகிறது. இது நாவலில் இல்லாத கோணம். புத்தகப் பிரியர்கள் இந்த ஒரு காட்சித் தொடரையாவது மனசாரப் பாராட்ட வேண்டும்.

போர்நிறுத்தம் பேசப்போகும் ஜெர்மன் அரசியல்வாதி எர்ஸ்பெர்கர் வரும் காட்சிகளில்தான் பலருக்கு அலுப்பு. பிரான்சின் கொம்பியென் காட்டில் ரயில் பெட்டிக்குள் பிரெஞ்சு மார்ஷல் ஃபோஷ் 72 மணி நேரக் கெடு கொடுப்பதும், மத்தியாஸ் எர்ஸ்பெர்கர் கையெழுத்துப் போடுவதும் நடந்த வரலாறு. போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டதற்காக வலதுசாரிகளால் துரோகி என்று தூற்றப்பட்டு, 1921 ஆகஸ்டில் எர்ஸ்பெர்கர் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பது தெரிந்தால் அவராக நடிக்கும் டேனியல் ப்ரூலின் அந்தச் சோர்ந்த முகம் வேறு மாதிரித் தெரியும். இந்தக் காட்சிகளால் கதைக்கு ஒரு கடிகாரம் கிடைக்கிறது. கடிகாரத்தின் விலை, கதை பாலின் கண்ணைவிட்டு வெளியே போகிறது. நாவலில் பாலுக்குத் தெரியாத எதுவும் நமக்கும் தெரியாது.

வரலாறு தெரிந்தவர்களுக்கு இடறும் இடம் கடைசித் தாக்குதல். 1918 நவம்பர் 11 காலை 11 மணிக்குப் போர் நிற்கப்போகிறது, அதற்குக் கால் மணி நேரம் முன்னால் ஜெர்மன் தளபதி தன் ஆட்களை எதிரியின் பதுங்குகுழிக்கு அனுப்புகிறார். கடைசி நாளில் ஆயிரக்கணக்கில் அடிபட்டார்கள், செத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அன்று முன்னேறிக்கொண்டிருந்தவை நேச நாட்டுப் படைகள். ஜெர்மன் படை ஆகஸ்டிலிருந்து பின்வாங்கிக்கொண்டிருந்தது, கீல் துறைமுகத்தில் மாலுமிகள் கலகம் செய்திருந்தார்கள், 9ஆம் தேதியே கைசரின் (ஜெர்மன் பேரரசரின்) முடிதுறப்பு அறிவிக்கப்பட்டுவிட்டது. படம் காட்டும் அசையாத பதுங்குகுழி வரிசை 1916, 1917க்குப் பொருந்தும். 1918 இலையுதிர் காலத்துக்குப் பொருந்தாது.

இனி அந்த இரண்டு சாவுகள். நாவலில் கட்சின்ஸ்கிக்குக் கணுக்காலுக்கு மேலே அடிபடுகிறது. பால் அவனை முதுகில் சுமந்து மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோகிறான். அங்கே இறக்கினால் உயிர் இல்லை: வழியில் எங்கோ ஒரு சின்னஞ்சிறு சில்லு தலையில் பாய்ந்திருக்கிறது, சுமந்தவனுக்கே தெரியவில்லை. படத்தில் பண்ணை வீட்டில் முட்டை திருடப் போன இடத்தில் ஒரு பிரெஞ்சுச் சிறுவன் சுட்டுவிடுகிறான். திரையில் இது நன்றாக வேலை செய்கிறது, கட்சின்ஸ்கியாக வரும் அல்ப்ரெஷ்ட் ஷூக் நம்மை உடைத்துவிடுகிறார். ஆனால் சாவுக்கு ஒரு முகமும் ஒரு காரணமும் வந்துவிட்டன. பாலின் முடிவிலும் அதே மாற்றம். நாவலில் அவன் 1918 அக்டோபரில் விழுகிறான். எந்தச் சண்டை, யார் சுட்டது, எதுவும் கிடையாது. அதுவரை ‘நான்’ என்று பேசிக்கொண்டிருந்த குரல் நின்று, வேறு யாரோ இரண்டு சிறிய பத்திகளில் முடித்துவிடுகிறார்கள். அன்றைய ராணுவ அறிக்கையில் மேற்கு முனையில் சொல்லும்படி ஏதுமில்லை என்று ஒரு வரி; தலைப்பு வருவது அதிலிருந்துதான். படத்தில் அந்த வரிக்கு இடமே இல்லை, ஏனென்றால் பால் சாகும் நாள் உலகமே பார்க்கும் நாள். படத்தின் தலைப்பு அதன் கதையோடு ஒட்டாமல் நிற்கும் இடம் இது. இந்த விஷயத்தில் ஜெர்மன் விமர்சகர்கள் பக்கம்தான் நான்.

குண்டுக்குழியில் பால் ஒரு பிரெஞ்சுக்காரனைக் குத்திவிட்டு அவன் சாகும்வரை கூடவே கிடக்கும் காட்சி நாவலில் ஒரு முழு நாளை எடுத்துக்கொள்கிறது, பிற்பகல் மூன்று மணிக்குத்தான் அவன் அடங்குகிறான். படம் சில நிமிடங்களில் முடித்தும் அதன் கனத்தைக் கொண்டுவந்திருக்கிறது. முகத்தில் காய்ந்த சேறு பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்தால் போதும்.

பார்க்கும் முறை பற்றிச் சில வார்த்தை. ஒலித் தேர்வில் ஜெர்மன் மூலத்தை வையுங்கள், ஆங்கில டப்பிங் தானாக ஓடத் தொடங்கியிருக்கலாம். பிரெஞ்சுக்காரர்கள் பிரெஞ்சு பேசுவதும் பாலுக்கு அது எட்டாததும் காட்சிகளின் உயிர். டிவியில் அசைவை வழவழப்பாக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். பதுங்குகுழியில் கேமரா ஓடும் நீண்ட ஷாட்கள் அதில் சீரியல் மாதிரி ஆகிவிடும். பெரும்பகுதி விடிகாலை நீலத்திலும் சாம்பல் நிறத்திலும் எடுக்கப்பட்டது. பகல் வெளிச்சம் விழும் அறையிலோ கைபேசியிலோ பார்த்தால் பாதி விவரம் கறுப்பில் மூழ்கிவிடும். பேச்சு மெதுவாகவும் வெடிப்பு பலமாகவும் இருப்பதால் டிவி ஸ்பீக்கரில் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ‘நைட் மோட்’ போட்டால் சத்தம் சமனாகும், ஆனால் இசையமைப்பாளர் ஃபோல்கர் பெர்டல்மன் பழைய ஹார்மோனியத்தில் வாசித்த அந்த மூன்று சுரங்கள் திடுமென்று வந்து அறையும் வேகம் போய்விடும். நல்ல ஹெட்ஃபோன் இதற்கு மேல். 147 நிமிடத்தை ஒரே மூச்சில் பார்க்க முடியாதவர்கள், செத்த சிப்பாய்களின் அடையாளத் தகடுகளைப் பால் சேகரித்து முடிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். கதை தாவுவதும் அங்கேதான்.

நாவலை முதலில் படிப்பதா, படத்தை முதலில் பார்ப்பதா? படம் முதலில் என்பதே என் பரிந்துரை. நாவல் படித்துவிட்டுப் போனால் இல்லாதவற்றை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்போம். படம் பார்த்துவிட்டு நாவலுக்குப் போனால் ஏழாம் அத்தியாயம் முழுப் புதுசாக வந்து தாக்கும். ஆங்கிலத்தில் வாங்குபவர்கள் 1929 அமெரிக்கப் பதிப்பு வழி வந்த பழைய பிரதிகளைக் கவனியுங்கள்: கழிப்பிடக் காட்சியும் மருத்துவமனையில் ஒரு சிப்பாயைப் பார்க்க மனைவி வரும் காட்சியும் அதில் வெட்டப்பட்டிருந்தன. முதல் அத்தியாயத்தைப் புரட்டிக் கழிப்பிடக் காட்சி இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஏ. டபிள்யூ. வீன் மொழிபெயர்ப்பைவிடப் பிரையன் மர்டாக்கினுடையது இன்று படிக்க இலகு.

வீடு திரும்பும் பகுதியைத் திரையில் பார்க்க ஆசைப்பட்டால் லூயிஸ் மைல்ஸ்டோனின் 1930 படத்திலிருந்து தொடங்கலாம். சிறந்த படம், சிறந்த இயக்குநர் ஆஸ்கர்கள் பெற்றது. பெர்லினில் 1930 டிசம்பரில் அது ஓடியபோது நாஜிக் கட்சியின் கெப்பல்ஸின் ஆட்கள் அரங்கில் வெள்ளெலிகளையும் நாற்றக் குண்டுகளையும் விட்டார்கள், ஒரே வாரத்தில் படம் தடை செய்யப்பட்டது. அதில் பால் தன் பழைய வகுப்பறைக்குப் போய்ப் பேசும் காட்சி நாவலில் இல்லாதது, ஆனாலும் ஏழாம் அத்தியாயத்தின் மனநிலைக்கு மிக நெருக்கம். நடிப்பு இன்றைய கண்ணுக்குக் கொஞ்சம் நாடகத்தனமாகத் தெரியும். முதல் இருபது நிமிடத்தில் பழகிவிடும். 1979 தொலைக்காட்சிப் படம் நாவலின் வரிசையைப் பெரும்பாலும் மதிக்கிறது, எர்னஸ்ட் போர்க்னைனின் கட்சின்ஸ்கியும் இயன் ஹோமின் ஹிம்மல்ஸ்டாஸும் அதில் உண்டு. போர்க்காட்சிகளை எதிர்பார்க்காமல், அந்த இருவருக்காகவும் அம்மாவாக வரும் பட்ரீஷியா நீலுக்காகவும் பாருங்கள்.