வாஷிங்டன் பக்கம் குடிமாறுகிறவர்களுக்கு: நான்கு கவுண்டிகளின் பள்ளிக் கணக்கு

வாஷிங்டன் வட்டாரத்தில் வேலை கிடைத்து வரும் நம் ஆட்கள் வாடகையைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே ஸ்கூலைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள். "எந்த கவுண்டி நல்லது?" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டால் போதும். லவுடனில் வீடு வாங்கியவர் லவுடன் என்பார், ஃபேர்ஃபாக்ஸில் வாங்கியவர் ஃபேர்ஃபாக்ஸ் என்பார். முப்பது வருடக் கடனில் கையெழுத்துப் போட்டவர் வேறு என்ன சொல்வார்? எனவே யார் பேச்சும் வேண்டாம் என்று, அரசு வெளியிடும் பள்ளித் தரவை மட்டும் எடுத்துக்கொண்டு நான்கு கவுண்டிகளை (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலசலாம். பொடோமக் ஆற்றுக்கு இந்தப் பக்கம் வர்ஜீனியாவில் ஃபேர்ஃபாக்ஸ், லவுடன். அந்தப் பக்கம் மேரிலாந்தில் மான்ட்கோமரி, ஹோவர்ட்.

முதலில், கவுண்டியை வைத்துப் பேசுவது இந்த ஊருக்குத்தான் பொருந்தும். மேரிலாந்தில் 23 கவுண்டிகளும் பால்டிமோர் நகரமும் சேர்ந்து மொத்தமே 24 பள்ளி நிர்வாகங்கள். வர்ஜீனியாவிலும் ஏறக்குறைய அப்படித்தான், ஃபால்ஸ் சர்ச் மாதிரி சில நகரங்கள் மட்டும் தனியாக நடத்துகின்றன. நியூ ஜெர்சியில் கிட்டத்தட்ட 600 டிஸ்ட்ரிக்ட்கள், அதாவது தனித்தனிப் பள்ளி நிர்வாகங்கள், இருப்பதால் அங்கே கவுண்டி சராசரிக்கு அர்த்தமே கிடையாது. டெக்சஸில் ஃபிரிஸ்கோ டிஸ்ட்ரிக்ட் காலின், டென்டன் என்று இரண்டு கவுண்டிகளில் பரவிக் கிடக்கிறது. அங்கே போகிறவர்கள் கீழே சொல்வதை டிஸ்ட்ரிக்ட் என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆற்றைத் தாண்டினால் அளவுகோல் மாறும்

2023-24 கல்வியாண்டில் வர்ஜீனியாவின் மாநிலத் தேர்வான எஸ்.ஓ.எல்.லில் கணக்கில் தேறியவர்கள் 71 சதவீதம். அதே ஆண்டு மேரிலாந்தின் மாநிலத் தேர்வான எம்கேப்பில் கணக்கில் தேறியவர்கள் 24 சதவீதம். வாசிப்பில் 73க்கு எதிரே 48. இதைப் பார்த்துவிட்டு மேரிலாந்தே வேண்டாம் என்று முடிவுகட்டியவர்கள் உண்டு.

இரண்டும் வேறு வேறு தேர்வு, வேறு வேறு தேர்ச்சிக் கோடு. எஸ்.ஓ.எல்.லில் 600க்கு 400 எடுத்தால் பாஸ். ஆனால் அந்த 400 எவ்வளவு கடினம் என்பதை மாநிலமே முடிவு செய்கிறது. எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான நேப் தேர்வோடு இந்தக் கோடுகளை மத்திய கல்விப் புள்ளிவிவர மையம் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வர்ஜீனியாவின் நான்காம் வகுப்பு வாசிப்புத் தேர்ச்சி நேப்பின் அடிப்படை நிலைக்கும் கீழே இருந்தது. அந்தக் கோட்டைப் படிப்படியாக உயர்த்த வர்ஜீனியா கல்வி வாரியம் 2025ல் முடிவெடுத்தது. ஆகவே வரும் ஆண்டுகளில் லவுடனிலும் ஃபேர்ஃபாக்ஸிலும் தேர்ச்சி விகிதம் இறங்கினால் பள்ளி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். நேப்பில் பார்த்தால் இந்த இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே இப்படி ஒரு பள்ளம் கிடையாது.

எனவே ஃபேர்ஃபாக்ஸை லவுடனோடு ஒப்பிடலாம், மான்ட்கோமரியை ஹோவர்டோடு ஒப்பிடலாம். ஆற்றைத் தாண்டி ஒப்பிட வேண்டுமானால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கல்வித் தரவுக் களஞ்சியத்துக்குப் போங்கள். எல்லா மாநிலத் தேர்வுகளையும் நேப்பை வைத்து ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். இலவசம்தான், என்ன, சில வருடம் பழைய தரவாக இருக்கும். ஆனால் அதில் சராசரி மதிப்பெண் ஒரு பக்கமும், குழந்தைகள் ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு கற்றார்கள் என்ற வேகம் இன்னொரு பக்கமும் தனித்தனியாக இருக்கும். சராசரி பெரும்பாலும் பெற்றோரின் வருமானத்தைத்தான் காட்டுகிறது. கற்கும் வேகத்துக்கும் வருமானத்துக்கும் அவ்வளவு நெருங்கிய தொடர்பு இல்லை. இந்தக் குழுவின் ஆய்வில்தான் ஏழைப் பிள்ளைகள் நிறைந்த சிகாகோ பள்ளிகளில், மூன்றாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுப் பாடத்துக்குச் சமமான வளர்ச்சி தெரிந்தது.

மொத்த சதவீதத்தைத் தாண்டிப் படியுங்கள்

வர்ஜீனியாவில் ஒவ்வொரு பள்ளிக்கும் அரசே ஒரு தரவுப் பக்கம் வைத்திருக்கிறது. மேரிலாந்தில் ரிப்போர்ட் கார்டு என்ற பெயரில், ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை கொடுத்து வெளியிடுகிறார்கள். பெரும்பாலோர் மேலே இருக்கும் மொத்த சதவீதத்தையோ நட்சத்திரத்தையோ பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அதற்குக் கீழேதான் விஷயமே இருக்கிறது: மாணவர்களை இனவாரியாக, வருமானவாரியாக, ஆங்கிலம் கற்பவர், சிறப்புக் கல்வி பெறுபவர் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. 'அ' பள்ளியில் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் 10 சதவீதம். அவர்களில் 60 சதவீதம் பேர் பாஸ், மற்றவர்களில் 90 சதவீதம் பேர் பாஸ். மொத்தத் தேர்ச்சி 87. 'ஆ' பள்ளியில் வருமானம் குறைந்தவர்கள் 40 சதவீதம். அவர்களில் 68 பாஸ், மற்றவர்களில் 92 பாஸ். மொத்தம் 82 சொச்சம்தான் வரும். உங்கள் பிள்ளை எந்தப் பிரிவில் வந்தாலும் 'ஆ'வில்தான் நன்றாகப் படிக்க வாய்ப்பு. ஆனால் ஊரே 'அ'வைத் தேடி ஓடும், வீட்டு விலையும் அங்கேதான் ஏறும். ஃபேர்ஃபாக்ஸில் லாங்லி பக்கத்துப் பள்ளிகளையும் ரூட் 1 பக்கத்துப் பள்ளிகளையும், லவுடனில் பிராம்பிள்டனையும் ஸ்டெர்லிங்கையும், மான்ட்கோமரியில் பெதெஸ்டாவையும் அதன் கிழக்குப் பகுதியையும் என்று வசதியான பகுதியையும் வசதி குறைந்த பகுதியையும் மொத்த எண்ணை வைத்து ஒப்பிடும்போது நடப்பது இதுதான்.

பத்துப் பேருக்கும் குறைவான பிரிவுகளின் எண்ணை வர்ஜீனியா மறைத்துவிடும், அங்கே ஒரு குறியீடு மட்டும் இருக்கும். அதைப் பூஜ்யம் என்று படித்துவிடாதீர்கள்.

ஃபேர்ஃபாக்ஸும் லவுடனும்

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஃபேர்ஃபாக்ஸில் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் மாணவர்கள், வர்ஜீனியாவிலேயே பெரிய நிர்வாகம். லவுடனில் 80 ஆயிரத்துக்குச் சற்று மேலே. கவுண்டி சராசரியில் லவுடன் பளபளப்பாகத் தெரியும், ஏனென்றால் அங்கே வறுமை குறைவு. பிரிவுவாரியாகப் பார்த்தால் அந்தப் பளபளப்பில் பாதி போய்விடும்.

ஃபேர்ஃபாக்ஸ் தரவில் ஒரு சிக்கல் உண்டு, வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அது தெரிவதில்லை. அங்கே மூன்றாம் வகுப்பிலிருந்து ஏ.ஏ.பி. என்ற உயர்நிலைத் திட்டம் இருக்கிறது. தேர்வான பிள்ளைகளில் பலர் சொந்தப் பள்ளியை விட்டு, பஸ்ஸில் ஏ.ஏ.பி. மையப் பள்ளிக்குப் போகிறார்கள். மையப் பள்ளியின் மதிப்பெண் இதனால் ஏறுகிறது, அவர்கள் விட்டு வந்த பள்ளியின் மதிப்பெண் இறங்குகிறது. இரண்டு பள்ளியிலும் ஆசிரியர்கள் அப்படியேதான் இருக்கிறார்கள். எண்ணைப் பார்த்து மையப் பள்ளிக்குப் பக்கத்தில் வீடு வாங்குகிறீர்கள், பிள்ளைக்கு ஏ.ஏ.பி. கிடைக்கவில்லை என்று வையுங்கள். அந்த மதிப்பெண்ணை வாங்கித் தந்த வகுப்பில் அவன் உட்காரவே போவதில்லை. ஏ.ஏ.பி. கிடைத்துவிட்டாலோ, பக்கத்தில் வீடு இல்லாமலே அங்கே போகலாம்.

உயர்நிலைப் பள்ளியில் இதே கதை பெரிய அளவில் நடக்கிறது. டி.ஜே. என்று எல்லோரும் சொல்லும், பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் தாமஸ் ஜெஃபர்சன் பள்ளி ஃபேர்ஃபாக்ஸில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் மதிப்பெண் அவர்கள் வட்டாரப் பள்ளியின் கணக்கில் சேராமல் டி.ஜே.யின் கணக்கில் நிற்கும். லவுடனில் 2018ல் திறந்த அகாடமீஸ் ஆஃப் லவுடன் வேறு மாதிரி: ஒருநாள் விட்டு ஒருநாள் அங்கே போய்ப் படிப்பார்கள், ஆனால் சொந்தப் பள்ளியின் மாணவர்களாகவே இருப்பார்கள். இரண்டு கவுண்டிகளின் சாதாரண உயர்நிலைப் பள்ளிகளை எண்ணால் ஒப்பிடும்போது ஃபேர்ஃபாக்ஸ் பள்ளி கொஞ்சம் குறைத்தே காட்டப்படுகிறது என்பது என் கணிப்பு.

டி.ஜே.யைக் குறிவைத்து வீடு தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020ல் அதன் நுழைவுத் தேர்வை நீக்கிவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு பொது நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 சதவீத இடம் ஒதுக்கப்படுகிறது. இதை எதிர்த்த வழக்கில் 2023ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பள்ளி வாரியத்தின் பக்கம் நின்றது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. முன்பு சில குறிப்பிட்ட நடுநிலைப் பள்ளிகளிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போனார்கள் என்பது உண்மை. அதை நம்பி இன்றைக்கும் அந்தப் பள்ளிகளைச் சுற்றிக் கூடுதல் விலை கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. லவுடன் பிள்ளைகளும் டி.ஜே.க்கு விண்ணப்பிக்கலாம்.

அப்புறம் எல்லைக்கோடு. எந்த வீடு எந்தப் பள்ளிக்கு என்ற கோடு கல்வெட்டு கிடையாது. லவுடனின் மக்கள்தொகை 2000ல் 1 லட்சத்து 70 ஆயிரம், 2020ல் 4 லட்சத்து 20 ஆயிரம். புதுப் பள்ளி கட்டக் கட்டக் கோட்டை அழித்து அழித்துப் போட்டார்கள், அந்த ஊர்க்காரர்களுக்கு அது பழகிப்போன விஷயம். ஃபேர்ஃபாக்ஸில் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு முதல் முறையாகக் கவுண்டி முழுக்க எல்லை மறுஆய்வைக் கையிலெடுத்தார்கள். இனி ஐந்தாண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதையும் விதியாக்கிவிட்டார்கள். எனவே மதிப்பெண் பக்கத்தைப் பார்க்கும் நேரத்தில் பாதியையாவது கவுண்டியின் மூலதனத் திட்ட அறிக்கைக்குக் கொடுங்கள். எந்தப் பள்ளி கொள்ளளவைத் தாண்டி வழிகிறது, எங்கே புதுக் கட்டடம் வருகிறது எல்லாம் அதில் இருக்கும். 115 சதவீதம் நிரம்பிய பள்ளி என்றால் ஒன்று ட்ரெய்லரில், அதாவது தற்காலிகக் கூடத்தில், வகுப்பு நடக்கும், இல்லையென்றால் கோடு நகரும். பள்ளி எல்லையின் ஓரத்தில் இருக்கும் வீட்டுக்குத்தான் ஆபத்து.

பள்ளிக்குச் சம்பந்தமில்லை என்றாலும் கையைக் கடிக்கிற விஷயம்: 2024ல் வீட்டு வரி வீட்டு மதிப்பில் ஒவ்வொரு 100 டாலருக்கும் ஃபேர்ஃபாக்ஸில் 1.125 டாலர், லவுடனில் 0.865 டாலர். எட்டு லட்சம் டாலர் வீட்டுக்கு வருடம் 2,080 டாலர் வித்தியாசம். ஆஷ்பர்னில் வரிசை வரிசையாக நிற்கும் டேட்டா சென்டர்கள்தான் லவுடனின் வரியைத் தாங்குகின்றன.

மான்ட்கோமரியும் ஹோவர்டும்

மான்ட்கோமரியில் சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் மாணவர்கள், ஹோவர்டில் 57 ஆயிரம் சொச்சம். ஹோவர்ட் சிறியது, பள்ளிக்குப் பள்ளி வித்தியாசமும் குறைவு, சராசரியை ஓரளவு நம்பலாம். மான்ட்கோமரியின் சராசரியை நம்பவே முடியாது. வசதியான பொடோமக் ஊரும் வசதி குறைந்தவர்கள் அதிகம் உள்ள கெய்தர்ஸ்பர்க்கும் ஒரே கவுண்டி என்பது நிர்வாகத்துக்கு மட்டும்தான்.

மான்ட்கோமரியின் பெருமை மேக்னெட் திட்டங்கள், அதாவது பல வட்டாரங்களிலிருந்தும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் சிறப்புப் பாடத் திட்டங்கள். மான்ட்கோமரி பிளேர் பள்ளியின் அறிவியல் மேக்னெட் நாடறிந்தது. ஆனால் அதுவும் ஏ.ஏ.பி. கதைதான், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் பள்ளியின் மொத்த சராசரியை மேக்னெட் பிள்ளைகள் இழுத்துக்கொண்டு போகிறார்கள். தொடக்க, நடுநிலை வகுப்பு மேக்னெட்டுகளில் தகுதி பெற்றவர்களிடையே குலுக்கல் வேறு. குலுக்கலில் கிடைக்கக்கூடிய இடத்தை நம்பி யாரும் வீடு வாங்கக் கூடாது. இந்த கவுண்டியில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்பு அளவு, ஆண்டு நடுவில் வந்துபோகும் மாணவர் விகிதம் எல்லாவற்றையும் ஒரே அறிக்கையில் கொடுத்துவிடுவது. பொதுவாகத் தளங்களில் காட்டும் மாணவர்-ஆசிரியர் விகிதத்தில் சிறப்புக் கல்வி ஆசிரியர் போன்றவர்களும் சேர்ந்துவிடுவார்கள். அதில் 15 என்று இருந்தாலும் வகுப்பில் 25 பேர் உட்கார்ந்திருக்கலாம்.

ஹோவர்டில் எல்லை நிலையானது என்ற நினைப்பு 2019 நவம்பரில் உடைந்தது. பள்ளிகளுக்கு இடையே வறுமை விகிதத்தைச் சமன்செய்வதும் ஒரு நோக்கமாக வைத்து, சுமார் 5,400 மாணவர்களை வேறு பள்ளிகளுக்கு மாற்ற வாரியம் வாக்கெடுப்பு நடத்தி முடிவெடுத்தது. ஊரே இரண்டுபட்டது.

பிறந்த தேதியையும் பாருங்கள். கிண்டர்கார்டனில் சேர ஐந்து வயது முடிய வேண்டிய தேதி வர்ஜீனியாவில் செப்டம்பர் 30, மேரிலாந்தில் செப்டம்பர் 1. செப்டம்பர் நடுவில் பிறந்த குழந்தைக்கு ஆற்றின் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதில் ஒரு வருடம் வித்தியாசம்.

எந்தத் தளம்?

வீடு தேடும் தளமான ஜில்லோவில் வீட்டுப் படத்துக்குக் கீழே தெரியும் 10க்கு இத்தனை என்ற எண், பள்ளிகளுக்குத் தரம் போடும் கிரேட்ஸ்கூல்ஸ் தளம் கொடுப்பது. அதைத் திறந்து உள்ளே போனால் தேர்வு மதிப்பெண், மாணவர் முன்னேற்றம் என்று பிரித்திருப்பார்கள். முன்னேற்றத்தின் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நிச் என்ற இன்னொரு தளம் தரும் எழுத்துத் தரத்தில், அந்தப் பள்ளியில் படித்தவர்களும் பெற்றோரும் போடும் கருத்துகளும் கலந்திருக்கும். பொழுதுபோக்குக்குப் படிக்கலாம். மத்திய அரசின் குடிமை உரிமைகள் தரவுத் தொகுப்பில் (Civil Rights Data Collection) சஸ்பென்ஷன் எண்ணிக்கையும் உயர்கணித வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்பதும் கிடைக்கும், உயர்நிலைப் பள்ளிக்கு அது மிக உபயோகம்.

பள்ளித் தரவில் இருக்கும், அடிக்கடி வராதோர் விகிதத்தை ஒழுங்கீனம் என்று மட்டும் படிக்காதீர்கள். 180 நாளில் 10 சதவீதம், அதாவது 18 நாள் வராவிட்டால் அந்தப் பட்டியலில் பெயர் ஏறிவிடும், காரணம் சொல்லி லீவு போட்டாலும். டிசம்பர் விடுமுறையோடு பொங்கல், கல்யாணம் என்று ஊரில் நீட்டி இருந்துவிட்டு வரும் நம் வீட்டுப் பிள்ளைகளும் அதில் இருப்பார்கள். வர்ஜீனியாவில் தொடர்ந்து 15 பள்ளி நாள் வராவிட்டால் பெயரையே நீக்கிவிடுவார்கள், திரும்பச் சேர்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால்

பிள்ளை இரண்டாம் வகுப்புக்குக் கீழே, ஆங்கிலம் சரளம், தனிப்பட்ட உதவி எதுவும் வேண்டாம் என்றால் லவுடனும் ஹோவர்டும் போதும். பள்ளியின் எண்ணில் 8க்கும் 9க்கும் மண்டையை உடைத்துக்கொள்ளாமல், ஆபீஸ் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். சிறப்புக் கல்வி தேவைப்படும் குழந்தை என்றாலோ, ஊரிலிருந்து நேராக ஆறாம் வகுப்பில் வந்து ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளை என்றாலோ நான் ஃபேர்ஃபாக்ஸையோ மான்ட்கோமரியையோ முதலில் பார்ப்பேன். பெரிய நிர்வாகம், அந்தப் பிரிவில் பிள்ளைகளும் அதிகம், எனவே பிரிவுவாரி எண்ணும் மறைக்கப்படாமல் பார்க்கக் கிடைக்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையோடு வருகிறவர்கள் கவுண்டியை விட்டுவிட்டு அந்த ஒரு பள்ளியின் பாடப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இதுவரை படித்த கணக்குப் பாடம் புதுப் பள்ளியில் எந்தப் படியில் சேரும் என்பதுதான் அடுத்த நான்கு வருடத்தைத் தீர்மானிக்கும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் முகவரியை கவுண்டியின் எல்லை தேடும் பக்கத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள். விளம்பரத்தில் இருக்கும் ஊர்ப் பெயர் அஞ்சலுக்கானது. ஃபால்ஸ் சர்ச் என்று அஞ்சல் முகவரி உள்ள வீடுகளில் பெரும்பாலானவை ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டிப் பள்ளிகளுக்குப் போகும், அந்த நகரத்தின் பள்ளிக்குப் போகாது. சான்டில்லி என்று போட்டிருக்கும் சவுத் ரைடிங் வீடு லவுடனில் இருக்கிறது.