குப்பை நிலத்தில் 6 அங்குலக் காயில்: படித்துறைகளிலும் களங்களிலும் நான்கு ஆண்டு அனுபவம்

திருவையாற்றுக்கும் பாபநாசத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றுவது என் பிழைப்பு. மெட்டல் டிடெக்டர் பிறகு வந்து சேர்ந்த பழக்கம். படித்துறையில் மோதிரம் நழுவிவிட்டது, களத்தில் தோடு விழுந்துவிட்டது, வரப்பில் மோட்டார் கொட்டகைச் சாவி போய்விட்டது என்று சுற்றுவட்டாரத்தில் யாரேனும் வந்து அழைத்தால் போய்த் தேடிக் கொடுக்கிறேன். என்னிடம் இருப்பது மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800. அதனுடன் வந்தது 11 அங்குல டிடி காயில். கருவியின் தண்டின் அடியில் மாட்டி மண்ணுக்கு மேலே வீசும் தட்டைத்தான் இங்கே காயில் என்கிறேன். ஓராண்டு கழித்து அதே கருவிக்குரிய 6 அங்குல வட்டக் காயிலை வாங்கினேன். இப்போது பத்துத் தேடலில் எட்டுக்குச் சிறிய காயிலைத்தான் மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.

எங்கள் பக்கத்து நிலம் எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் இதற்கான காரணம் விளங்கும். காவிரியிலும் குடமுருட்டியிலும் உள்ள எந்தப் படித்துறையை எடுத்துக்கொண்டாலும், மணலுக்கு மேலே கண்ணுக்குத் தெரிவதைவிட அடியில் இருக்கும் இரும்பும் தகரமும் பல மடங்கு அதிகம். சோடா மூடி, குவார்ட்டர் பாட்டிலின் அலுமினிய மூடி, மாத்திரை அட்டை, ஊக்கு, கொண்டை ஊசி எல்லாம் அங்கே கிடக்கும். கருமாதி நடக்கும் துறைகளில் முடி மழித்துப் போட்ட பாதி பிளேடுகளும் உண்டு. களங்களில் வேறு வகை: லாடம், லாட ஆணி, வேலிக் கம்பித் துண்டு, டிராக்டரிலிருந்து உதிர்ந்த இரும்புப் பின்கள். ஒரு சதுர அடிக்குள் ஐந்தாறு துண்டுகள் கிடப்பது சாதாரணம். அதற்கு மேல் 11 அங்குலக் காயிலை வீசினால், எந்த நேரமும் மூன்று நான்கு உலோகங்கள் அதன் அடியில் இருக்கும். கருவி அவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதிலைத்தான் சொல்லும். இரும்பை ஒதுக்கும்படி அமைத்திருந்தால் அந்தப் பதில் மௌனமாகவே இருந்துவிடும். மோதிரம் அங்கேயே இருந்தும் நாம் கடந்து போய்விடுவோம். முதல் ஆண்டில் எத்தனை பொருட்களை அவ்வாறு கடந்து போனேன் என்று நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

இதை நானே கண்ணால் பார்த்துக்கொள்ள, பட்டறையில் ஒரு பலகை செய்தேன். நடுவில் என் கல்யாண மோதிரத்தை வைத்து, அதைச் சுற்றி நான்கு விரற்கடை தூரத்தில் இரண்டு அங்குல ஆணிகள் நான்கைப் படுக்க வைத்தேன். பட்டறைக்குள் கம்பியும் மோட்டாருமாக இருப்பதால் பலகையைத் தோப்புக்கு எடுத்துச் சென்று, வெறும் மண்ணில் வைத்து, அதற்கு ஒரு சாண் உயரத்துக்குள் காயிலை வீசினேன். பெரிய காயில் ஒரு திசையில் வீசும்போது மட்டும் அறுந்து அறுந்து ஒலித்தது. குறுக்காக வீசியபோது இரும்பின் தாழ்ந்த முனகல் மட்டுமே கேட்டது. கருவியின் மற்ற அமைப்புகளில் எதையும் தொடாமல் 6 அங்குலக் காயிலை மாட்டி வீசியபோது, இரண்டு திசைகளிலும் மோதிரம் தனியாகக் கேட்டது. ஒலி குட்டையாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வீச்சிலும் அதே இடத்தில் வந்தது. அந்தப் பலகையை இன்னும் வைத்திருக்கிறேன். புதிதாகக் கருவி வாங்கியவர்கள் வந்தால் முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.

காயில் சுற்றுகிறவன் என்பதால் இதன் வேலை எனக்குப் பிடிபட்டது. டிடி காயிலில் அனுப்பும் சுற்றும் வாங்கும் சுற்றும் முதுகோடு முதுகாக நிற்கும் இரண்டு ‘டி’ எழுத்துகளைப் போல நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். உலோகம் எதுவும் இல்லாதபோது வாங்கும் சுற்றில் ஏறத்தாழ எதுவும் தூண்டப்படாதபடி அவற்றைச் சமன் செய்து வைத்திருப்பார்கள். உலோகம் அருகே வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து அந்தச் சமனைக் குலைக்கும். அந்தக் குலைவுதான் நம் காதுக்கு ஒலியாக வருகிறது. இரண்டு சுற்றுகளும் ஏறியிருக்கும் நடுப்பட்டைதான் கூர்மையாகப் பார்க்கும் இடம். காயில் சிறுத்தால் அந்தப் பட்டையின் நீளமும் சிறுக்கும், ஒரு நேரத்தில் பார்க்கும் மண்ணும் குறையும். இரண்டு ஆணிகளுக்கு இடையே காயில் புகுந்து வருவதற்கான இடைவெளி இப்படித்தான் கிடைக்கிறது.

பாபநாசம் பக்கத்தில் ஒரு களத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சம்பா அறுத்த வயலில் தெளித்த உளுந்து பங்குனியில் பறிக்கப்பட்டுக் களத்துக்கு வந்திருந்தது. தூற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் வலக்காதுத் தோடு விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த இடத்தில் டிராக்டர் ஓடி உளுந்து மிதித்திருந்தது. “தம்பி, என் அம்மா போட்டுவிட்ட தோடு. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இல்லை என்று தெரிந்துவிட்டால் போதும்” என்றார். “அக்கா, நீங்கள் நின்ற இடத்தை மட்டும் காட்டுங்கள்” என்று சொல்லி, பத்தடிக்குப் பத்தடி அளவில் கயிறு கட்டினேன். கருவியின் மீள்வேகம் (ஓர் உலோகத்துக்கு ஒலித்துவிட்டு அடுத்ததற்குத் தயாராகும் வேகம்) 7, உணர்திறன் 18. மண்ணோடு ஒட்டியபடி, ஒரு முழத்துக்கு மேல் போகாத வீச்சு. முதல் அரைமணி நேரம் வெறும் இரும்பு. பிறகு ஓரிடத்தில் முனகலுக்கு நடுவே ஓர் ஒலி வந்து மறைந்தது; எந்த வகை உலோகம் என்று காட்டும் எண் திரையில் 9, 10 என்று வந்தது. நின்ற இடத்திலேயே தொண்ணூறு பாகை திரும்பி வீசினேன், மறுபடியும் 9. காயிலின் நடுவுக்கு நேர் கீழே கரண்டி முனையால் மூன்று விரல் அகலத்துக்குக் கெட்டி மண்ணைப் பெயர்த்தேன். முதலில் வந்தது துருவேறிய லாட ஆணி. அதற்கு மூன்று விரல் தள்ளி, இரண்டு அங்குல ஆழத்தில், இதழ்களுக்குள் களிமண் அடைத்துக்கொண்டு தோடு படுத்திருந்தது. அதன் திருகு கிடைக்கவில்லை. அவ்வளவு சிறிய பொருளை அந்தக் குப்பைக்குள் பிரித்தறிய 6 அங்குலக் காயிலாலும் என்னால் முடியவில்லை. பெரிய காயிலாக இருந்திருந்தால் அந்த 9ஐக் கேட்டே இருக்க மாட்டேன் என்று உறுதியாகச் சொல்வேன்.

குப்பையைத் தோண்டாமல் தவிர்க்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். ஓரளவுக்கு முடியும். சோடா மூடி தட்டையான இரும்பு என்பதால் டிடி காயிலுக்கு நல்ல உலோகம் போல ஒலிக்கும். காயிலைப் பொருளின் மேலிருந்து மெல்லப் பின்னோக்கி இழுத்து, முன்விளிம்பு மட்டும் அதன்மேல் நிற்கும்படி செய்தால், மூடியின் ஒலி இரும்பாக உடைந்துவிடும். சிறிய காயிலில் விளிம்பு அருகிலேயே இருப்பதால் இந்தச் சோதனை இன்னும் தெளிவாக அமைகிறது. குவார்ட்டர் பாட்டில் மூடியிடம் இந்த வித்தை பலிக்காது. அது அலுமினியம்; பொன் மோதிரத்தின் எண்களுக்குள்ளேயே விழும். தங்கத்தைத் தேடுகிறவர் அந்த மூடிகளை எல்லாம் தோண்டித்தான் ஆக வேண்டும். கருமாதித் துறையில் தோல் கையுறை இல்லாமல் மண்ணில் விரல் விடவே கூடாது. ஒருமுறை விட்டு, சுண்டுவிரலில் தையல் போட்டுக்கொண்டேன்.

நாணயங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆடிப்பெருக்கன்று காதோலை கருகமணியோடு காசும் ஆற்றில் விழுகிறது. 1992 முதல் அடிக்கப்பட்ட ஒரு ரூபாய்க் காசுகள் காந்தத்தில் ஒட்டும் எஃகு. கருவி அவற்றை இரும்பா இல்லையா என்று முடிவு செய்ய முடியாமல் எண்களைத் தாவவிடும். அதற்கு முந்தைய செம்பு–நிக்கல் ரூபாய் உறுதியாக ஒலிக்கும். அந்தக் காசுகளை நான் எடுத்துக்கொள்வதில்லை. தோண்டினால் திரும்ப ஆற்றிலேயே போட்டுவிடுகிறேன். ஆனால் அவையும் மோதிரத்தை மறைக்கும் என்பதால் சொல்கிறேன்.

இனி இழப்புகள். ஆழம் குறையும். ஒரு மோதிரத்தைப் பெரிய காயில் சுத்தமான மண்ணில் எட்டு அங்குலம் வரை எனக்குக் காட்டியிருக்கிறது. சிறியது ஐந்தைத் தாண்டினால் தடுமாறுகிறது. காயிலின் அளவைத் தாண்டிய தூரத்தில், தூரம் இரண்டு மடங்கானால் உலோகத்திலிருந்து திரும்பி வரும் சமிக்ஞை ஏறத்தாழ 64 மடங்கு மெலியும். உணர்திறனைக் கூட்டி இதை ஈடுகட்ட முடியாது. நேரமும் கூடும். பெரிய காயிலால் கால்மணி நேரத்தில் முடிக்கும் பத்தடிச் சதுரத்துக்கு இதில் முக்கால்மணி நேரம் ஆகிறது. வீச்சுகள் பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று ஏறாவிட்டால் இடையில் விட்டுப்போகும்.

ஆற்றில் இந்த ஆழக் குறைவு உண்மையாகவே இடைஞ்சல் தருகிறது. வழக்கப்படி மேட்டூர் ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுகிறது. ஆடியில் நழுவிய பொருளை மாசியில்தான் தேட முடியும். அதற்குள் ஆறு மாதத் தண்ணீர் அதன்மேல் மணலை ஏற்றியோ, அதை உருட்டிக்கொண்டோ போயிருக்கும். முதல் ஆண்டில் எங்கள் துறையில் தொலைந்த ஒரு மோதிரத்தை இரண்டு காயில்களாலும் மூன்று கோடைகள் தேடியும் என்னால் மீட்டுத் தர முடியவில்லை. மெல்லிய சங்கிலிக்கும் இதே நிலைதான். கருவி சங்கிலியை ஒரே பொருளாகப் பார்க்காமல் ஒவ்வொரு கண்ணியாகப் பார்க்கிறது. கொக்கியோ டாலரோ இருந்தால் நம்பிக்கை உண்டு, வெறும் சங்கிலி என்றால் குறைவு என்று போகும்போதே சொல்லிவிடுவேன்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்பு மண்ணில் சிறிய காயில் எதிர்பாராத நன்மை தந்தது. ஈர உப்பே மின்சாரத்தைக் கடத்துவதால் பெரிய காயில் அங்கே ஓயாமல் சலசலக்கிறது. சிறியது குறைந்த மண்ணைப் பார்ப்பதால், பீச் அமைப்பில் வைத்தால் அமைதியாக இருக்கிறது. வண்டல் களிமண்ணில் மட்டும் ஒரு கவனம் வேண்டும்: காயிலுக்கும் அதன் அடி உறைக்கும் இடையே சேறு புகுந்தால் பொய்யான ஒலிகள் வரும். ஒவ்வொரு தேடலுக்குப் பிறகும் உறையைக் கழற்றிக் கழுவிக் காயவைக்கிறேன்.

எங்கே தேடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கோயில் வளாகங்களிலும் பழைய மேடுகளிலும் நான் கருவியை இயக்குவதே இல்லை. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னங்களில் அனுமதியின்றித் தோண்டுவதை 1958ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மண்ணுக்குள் புதைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். சோழநாட்டு மண்ணில் ஒரு கரண்டி ஆழத்தில் என்ன இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அதைத் தோண்டியெடுக்க அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர் அருகில் நிற்க, தொலைந்த பொருள் இன்னதென்று தெரிந்த இடத்தில்தான் நான் தேடுகிறேன்.

பெரிய காயிலை நான் விற்கவில்லை. அறுவடை முடிந்த வயலின் நடுவில், குப்பை சேராத பரப்பில் சாவியோ மோதிரமோ தொலைந்தால் அதுதான் சரியான காயில். மாற்றும்போது கேபிளைத் தண்டில் இறுக்கமாகச் சுற்றுங்கள். தளர்ந்து ஆடும் கேபிளும் கருவிக்கு ஓர் உலோகம்தான். கேபிளைத் தளரவிட்டு ஒரு பிற்பகல் முழுவதும் இல்லாத பொருளைத் தோண்டியிருக்கிறேன். களமோ படித்துறையோ, முதல் அரைமணி நேரம் வெறும் இரும்பாகவே கேட்டால் காயிலை மாற்ற வேண்டாம். வீச்சை இன்னும் பாதியாகக் குறையுங்கள்.