கால்பந்தில் சாஃப் (தெற்காசிய) கோப்பையா, ஆசியக் கோப்பையா?

குமரிக் கடலோரத் தூத்தூர், சின்னத்துறை மணலில் பந்து உதைக்கும் பிள்ளைகளுக்கு எந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டலாம்?

தடுப்பாட்டம் படிக்க ஆசியக் கோப்பை. 24 அணி, பிரிவில் மூன்றாமிடம் வந்தாலும் சிறந்த நான்கு அணிகளுக்கு அடுத்த சுற்றுக்கு வழியுண்டு. அப்படியிருந்தும் 2024 ஜனவரியில் கத்தாரில் இந்தியா ஒரு கோல்கூட அடிக்காமல் வெளியேறியது. உஸ்பெகிஸ்தான் போட்ட மூன்று கோலும் இடைவேளைக்கு முன்பே விழுந்தவை. வலிக்கும், ஆனாலும் காட்டுங்கள்.

முதலில் காட்ட வேண்டியது சாஃப்தான். 2023 பெங்களூரில் 8 அணி, பிரிவுக்கு இரண்டே அணி அரையிறுதிக்கு. குவைத்துடன் இறுதி 1-1, பெனால்டியில் இந்தியாவுக்கு 5-4 வெற்றி. நம் கோல்கீப்பர் குர்பிரீத் தடுத்த கடைசி உதையை நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள். மணலில் கோல் கோடு அழிந்துவிடுவதால் நம் ஊர் கோல்கீப்பர்கள் முன்னே பாய்ந்தே பழகிவிடுகிறார்கள். பெனால்டி உதைக்கும் நொடியில் கோல்கீப்பரின் ஒரு காலாவது கோட்டில் இருக்க வேண்டும். கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டிப் பழக்குங்கள்.