விம்மா, ஈமேக்ஸா? கோடுக்குள் தமிழும் அடிக்கிறவர்களுக்கு

விம், ஈமேக்ஸ் இரண்டுமே கோடு எழுதுகிற எடிட்டர்கள், இரண்டையும் வருஷக்கணக்கில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். மன்னார்குடியில் வீட்டிலிருந்தே வேலை, அரிசி ஆலைகளுக்கும் நெல் வியாபாரிகளுக்கும் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். கோடுக்கு நடுவே மூட்டை, ஈரப்பதம், ஏற்றுகூலி என்று தமிழ் வந்துகொண்டே இருக்கும், அதனால் எடிட்டர் தமிழோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி.

திருத்துவதில் விம்முக்கு ஈடு கிடையாது. சி, ஐ, மேற்கோள்குறி என்று வரிசையாகத் தட்டினால் மேற்கோளுக்குள் இருப்பது மொத்தமும் அழிந்து, புதிதாக அடிக்கக் கர்சர் தயாராக நிற்கும். ஐப்பசி மழையில் நெட் தள்ளாடி, சர்வரில் பாதி திருத்தத்தில் எஸ்எஸ்எச் (தூரத்து சர்வருக்குள் நுழையும் இணைப்பு) அறுந்தாலும் பயமில்லை. 200 எழுத்து அடித்ததும், இல்லையென்றால் 4 விநாடி கை ஓய்ந்ததும், ஸ்வாப் என்கிற தற்காலிகக் கோப்பில் விம் எழுதி வைத்துவிடும், விம் கட்டளையோடு மைனஸ் ஆர் போட்டுத் திறந்தால் அநேகமாக எல்லாமே கிடைக்கும்.

சிக்கல் தமிழில்தான். தமிழ்99 விசைப்பலகை ஆனில் இருக்கும்போது எஸ்கேப் அடித்து நார்மல் மோடுக்கு (கட்டளை கொடுக்கும் நிலை) வந்து, கர்சரை நகர்த்தும் எச், ஜே, கே, எல் தட்டினால் விம்முக்குப் போவது க, ப, ம, த. கர்சர் அசையாது. ஒவ்வொரு தடவையும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டுத் திரும்ப வேண்டும். விம்முக்குள்ளேயே தமிழ் விசைகளை அமைக்கும் கீமேப் வைத்து இதைச் சமாளிக்கலாம், ஆனால் விம் ஓடுகிற பல டெர்மினல்களில் (கட்டளை அடிக்கும் விண்டோ) 'கொ' உடைந்து கர்சர் வேறு எங்கோ நிற்கிறதே, அதற்கு என்ன செய்வது?

ஈமேக்ஸ் இங்கேதான் ஜெயிக்கிறது. தமிழ் உள்ளீட்டு முறை அதற்குள்ளேயே இருக்கிறது, கண்ட்ரோலும் பின்சாய்கோடும் சேர்த்து அழுத்தினால் ஆன், மறுபடி அழுத்தினால் ஆஃப். 2020-ல் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்து எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் சேர்ந்ததால், டெர்மினலுக்கு வெளியே தனி விண்டோவில் எழுத்துகள் ஒழுங்காகவே விழுகின்றன. ஆனால் கண்ட்ரோலை ஓயாமல் அழுத்த வைக்கும் அதன் சொந்த கீக்களோடு நாள் முழுக்க உட்கார்ந்தால் சுண்டுவிரல் வலி எடுக்கும். அதற்கு ஈவில் என்கிற பேக்கேஜ் போட்டுக்கொள்ளுங்கள். விம்மின் கீக்கள் அப்படியே வரும், நார்மல் மோடுக்குப் போனதும் தமிழ் தானாக ஒதுங்கிக்கொள்ளும், இன்செர்ட்டுக்கு (எழுத்து அடிக்கும் நிலை) வந்தால் திரும்ப வந்துவிடும். நான் தேடியது இதைத்தான்.

விஎஸ் கோட் நல்ல எடிட்டர்தான், உள்ளே ஒரு பிரவுசரையே வைத்திருக்கும் எலெக்ட்ரான் மேல் கட்டியதால் ரேம் நிறைய கேட்கும், பழைய லேப்டாப்பில் திணறுகிறது.

புதிதாகத் தொடங்குகிற தம்பி, தங்கைகள் முதலில் விம்மோடு வரும் பயிற்சிப் பாடமான விம்டியூட்டரை ஓட்டுங்கள், அரை மணி நேரம் போதும். சர்வர் வேலைக்கு எப்படியும் விம் வேண்டும். அப்புறம் தமிழும் அடிக்க வேண்டியிருந்தால் ஈமேக்ஸில் ஈவில் போட்டு உட்காருங்கள், பழகிய கை வீண்போகாது.