260 நூல்கண்டுகளும் கிடைக்காத ஒரு பச்சையும்: ஆரிப் பொருள்களோடு ஏழு ஆண்டுகள்

கொக்கி ஊசியால் துணியில் பூவேலை செய்யும் ஆரி வகுப்பில் சேரப்போகிற என் அலுவலகத் தோழி, ஊசி, நூல், மணி, சமிக்கி, குந்தன் கல் எல்லாம் ஒன்றாக அடங்கிய பெட்டி ஒன்று தள்ளுபடி விலையில் வருகிறதே, வாங்கிவிடலாமா என்று சென்ற மாதம் கேட்டாள். அவள் கேட்ட நேரத்தில், ஏழு ஆண்டுகளாகச் சேர்த்த ஆரிப் பொருள்களை வீட்டை விட்டு அனுப்பும் வேலையில் நான் பாதிவழியில் இருந்தேன். கூடத்துத் தரை முழுவதும் டப்பாக்கள் கிடந்தன. ஒரு வரியில் பதில் சொல்லும் மனநிலையில் நான் இல்லை. ஆகவே நீளமாகவே எழுதுகிறேன். சங்கிலித் தையல் எப்படிப் போடுவது, எந்த மணிக்கு எந்த எண் ஊசி நுழையும் என்பவற்றை எந்த வகுப்பிலும் சொல்லித் தந்துவிடுவார்கள் என்பதால் அவற்றைத் தொடவில்லை.

நியாயமாக நல்லதை முதலில் சொல்ல வேண்டும். வகுப்பின் முதல் நாளில் கையில் கொடுத்த மரப்பிடி ஊசிதான் இன்றும் என்னிடம் இருக்கிறது. முனையை இரண்டு முறை மாற்றியாயிற்று. பிடி அதேதான், கட்டைவிரல் படும் இடம் மட்டும் வழவழப்பாகிக் கறுத்திருக்கிறது. துணியைச் சட்டத்தில் விறைப்பாகக் கட்டிவிட்டு, ஒரு கை அடியில் நூலை ஏந்திக் கொடுக்க, மறு கை மேலிருந்து ஊசியை இறக்கி அந்த நூலைக் கொக்கியில் மாட்டி இழுக்கும்போது, துணியிலிருந்து எழும் அந்த மெல்லிய ‘டொக்’ ஓசைக்காகவே நான் பல இரவுகள் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத நூலை அடிக்கை தானாக உணர்ந்து கொடுக்கத் தொடங்கும் நாள் ஒன்று வரும். அதற்குப் பிறகு அலுவலகத்தில் நடந்தது எதுவும் தையலுக்கு நடுவே நினைவுக்கு வராது. கட்ச் பகுதியில் தோல்வேலை செய்த மோச்சி சமூகத்தாரின் குத்தூசியோடு தொடர்புடைய கருவி இது. கருவி என்ற அளவில் இதில் நான் குறை கண்டதில்லை. மர ஸ்டாண்டும் அப்படித்தான்: ஒரு திருகு கூடத் தளரவில்லை.

சிக்கல் நிறத்தில் இருக்கிறது. என் பெட்டிகளில் 260 நூல்கண்டுகள் இருந்தன. அவற்றில் பச்சை மட்டும் 31. கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை, மயில்கழுத்துப் பச்சை, பாட்டில் பச்சை, ராமர் பச்சை என்று பெயர் உள்ளவையும் பெயரே இல்லாதவையுமாக 31. என் அண்ணியின் பட்டுச் சேலைக் கரையோ வாழைக்குருத்தின் நிறம். அந்த 31இல் ஒன்றுகூட அதற்கு ஒத்துவரவில்லை. ஒரு முறை நடந்ததென்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஏழு ஆண்டுகளில் நான் முடித்த ரவிக்கைகள் மொத்தம் 19. ஏறத்தாழ ஒவ்வொன்றுக்கும் இதே கதைதான். சேலை வரும், பெட்டியைத் திறப்பேன், இந்தப் பக்கம் கொஞ்சம் வெளிறியதும் அந்தப் பக்கம் கொஞ்சம் அடர்ந்ததும் இருக்கும், நடுவில் இருக்க வேண்டிய அந்த நிறம் மட்டும் இராது.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. பட்டு நூல் என்ற பெயரில் நமக்கு விற்கப்படுவது பெரும்பாலும் விஸ்கோஸ் ரேயான். பட்டுக்கு ஏற்றும் சாயமும் விஸ்கோஸுக்கு ஏற்றும் சாயமும் பொதுவாக வெவ்வேறு வகையைச் சேர்ந்தவை. அதனால்தான் கடையின் குழல்விளக்கின் கீழ் ஒன்றாகத் தெரிந்த துணியும் நூலும், வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்தால் ஒன்றையொன்று பார்த்து முகம் திருப்பிக்கொள்கின்றன. ஒரே எண்ணுள்ள நூலே வேறு முறை சாயம் ஏற்றப்பட்டு வந்தால் ஒரு சாயல் தள்ளி வரும். இவையெல்லாம் எனக்கு மூன்றாவது ஆண்டிலேயே தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு ஏமாற்றத்துக்குப் பிறகும் நான் செய்தது, அடுத்த முறை இந்தக் குறை வரக் கூடாது என்று இன்னும் பத்து நிறங்கள் வாங்கியதுதான். நூல் குறைவாக இருந்ததால் நான் வாங்கவில்லை. இருந்த நூல் ஒத்துவராத எரிச்சலில் வாங்கினேன்.

அந்த எரிச்சலுக்குத் தீனி போட்டது சென்னையின் மொத்த வியாபாரப் பகுதியான பாரிமுனை. செங்கல்பட்டிலிருந்து கடற்கரை நிலையத்துக்கு மின்சார ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அங்கிருந்து கூட்டத்தில் இடிபட்டு நாராயண முதலித் தெருவுக்கும் காசிச் செட்டித் தெருவுக்கும் நடக்க வேண்டும். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு நூல்கண்டோடு திரும்புவதாவது என்ற எண்ணம் கடைப்படி ஏறும் முன்பே வந்துவிடும். மொத்த வியாபாரத்தின் கணக்கும் நமக்கு எதிரானது. குந்தன் கல் குரோஸ் கணக்கில், அதாவது 144 கல்லாக, வரும். என் கழுத்து வடிவத்துக்குத் தேவை 22. மீதி 122 கல்லும் வீணாகக் கூடாதே என்று அவற்றுக்குப் பொருத்தமான மணி, மணிக்குப் பொருத்தமான சர்தோசி என்னும் உலோகக் கம்பிச் சுருள், அதற்குப் பொருத்தமான ஜரி என்று ஒன்றின் மீதியே அடுத்ததை வாங்கச் சொல்லும். திரும்பும் ரயிலில் பையை மடியில் வைத்துக்கொண்டு, வராத சேலைகளுக்கெல்லாம் மனத்துக்குள் ரவிக்கை தைத்து முடித்துவிடுவேன். உண்மையைச் சொன்னால், இந்தக் கலையில் எனக்கு மிகுந்த இன்பம் தந்த இருக்கை ஸ்டாண்டின் முன்னால் இருந்த முக்காலி அன்று, தாம்பரத்துக்கு இப்பால் கூட்டம் குறைந்த பிறகு கிடைக்கும் சன்னலோர இருக்கைதான்.

2020இன் ஊரடங்கு அந்த ரயிலையும் தேவையற்றதாக்கிவிட்டது. இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசியில் கடைக்காரர்களின் நேரலை. மணிச் சரத்தைக் கேமராவுக்கு அருகில் பிடித்து, ‘நாலே செட்டுதான் இருக்கு’ என்பார்கள். திரையைப் படம் பிடித்து அனுப்பினால் நமக்கு ஒதுக்கிவிடுவார்கள். 60 ரூபாய், 85 ரூபாய், 120 ரூபாய். கையிலிருந்து நோட்டு போனால் ஒரு வலி இருக்கும். விரலால் நான்கு எண்ணைத் தட்டுவதில் அது இல்லை. சென்ற மாதம் கைப்பேசிப் பணப்பரிமாற்றங்களைப் பொறுமையாகக் கூட்டிப் பார்த்தேன். ஐந்து ஆண்டுகளில் 41,000 ரூபாய்க்கு மேல். ஆயிரம் ரூபாயைத் தாண்டிய கொள்முதல் அதில் மூன்றே மூன்று. மற்றவை எல்லாம் சில்லறை. சில்லறைக்கு யாரும் யோசிப்பதில்லை, நானும் யோசிக்கவில்லை.

சேர்த்து வைத்தவை என்ன ஆயின என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘கெட்டுப்போகிற பொருளா என்ன’ என்பதுதான் நாம் வீட்டில் சொல்லும் முதல் சமாதானம். கெட்டுப்போகும். செம்புக் கம்பிக்கு வெள்ளி முலாம் பூசிய ஜரி, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தபடியே செம்மை கலந்த கறுப்பாகிவிட்டது. பாலியெஸ்டர் இழையில் உலோகப் பூச்சு ஏற்றிய மலிவு ஜரிதான் அப்படியே பளபளக்கிறது. சர்தோசிச் சுருள்கள் மங்கிவிட்டன. துணிப் பசை புட்டிக்குள்ளேயே கல்லாகிவிட்டது. சன்னலருகே இருந்த டப்பாவின் நூல்கள் ஒரு பக்கம் மட்டும் வெளிறியிருக்கின்றன. எல்லாவற்றையும்விட எனக்கு ஆறாத கோபம், சாயம் தோய்த்த ராணி நிற மணிகளின் மேல். கடைக்காரர் ‘போகவே போகாது’ என்று சத்தியம் செய்து கொடுத்தவை, முதல் நனைப்பிலேயே சந்தன நிற ரவிக்கையைப் பாழாக்கின. வாங்கிய அன்றே பத்து மணியை வெள்ளைத் துணியில் முடிந்து சோப்பு நீரில் ஓரிரவு போட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் அந்த மணிகளை இரண்டு ஆண்டுகள் கையால் தொடவில்லை. பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

கெட்டதைத் தள்ளிய பிறகு மீதியை நிறுத்துப் பார்த்தேன்: 11 கிலோ. மொத்தமாக விற்பது என்று முடிவு செய்து 12,000 ரூபாய் விலை சொன்னேன். வந்த கேள்விகளில் மிக உயர்ந்தது 3,000. எனக்கு வந்த கோபம் விலைக்குப் பொருந்தாத கோபம். என்னையே யாரோ மலிவாகக் கேட்டதைப் போலிருந்தது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் 1990இல் வெளியிட்ட சோதனை நினைவுக்கு வந்தது. மாணவர்களில் ஒரு பாதியினருக்குச் சாதாரணக் காப்பிக் குவளை ஒன்றைக் கொடுத்துவிட்டு, விற்பதானால் என்ன விலை கேட்பீர்கள் என்றார்கள். மற்றவர்களிடம், வாங்குவதானால் என்ன தருவீர்கள் என்றார்கள். குவளை கைக்கு வந்து சில நிமிடங்களே ஆனவர்கள், வாங்குபவர்கள் தரத் தயாராயிருந்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விலை கேட்டார்கள். சில நிமிடக் குவளைக்கு இரு மடங்கென்றால், ஏழாண்டு நூலுக்கு நான்கு மடங்கு கேட்டதில் என்னைப் பெரிதாகக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் 3,000 சொன்னவரும் தவறு செய்யவில்லை. எனக்கு 31 பச்சை எப்படிப் பயன்படவில்லையோ, அப்படித்தான் அவருக்கும் பயன்படாது.

கடைசியில் விற்கவில்லை. எங்கள் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் அக்கா திருமண ரவிக்கைகளுக்கு ஆரி போட்டுத் தருகிறார். அவரை அழைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். தரையில் பரப்பியிருந்ததைப் பார்த்தவுடன், ‘என்னம்மா, கடை வைக்கப் போறீங்களா?’ என்றார். பிறகு குனிந்து, தங்க நிறம், வெள்ளை, அரக்கு, கறுப்பு, கொஞ்சம் மணி, அவ்வளவே எடுத்தார். 31 பச்சைகளின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, ‘துணி வரட்டும், அப்புறம் நூல் வாங்கிக்கலாம்’ என்று சொல்லிவிட்டு, சேலையையே கடைக்கு எடுத்துச் சென்று வெளிச்சத்தில் பிடித்து இரண்டு கண்டு வாங்கி, அதையும் கூலியோடு சேர்த்து எழுதிவிடுவதாகச் சொன்னார். ஆண்டுக்கு நூறு ரவிக்கைக்குக் குறையாமல் போடும் அவருடைய நூல் முழுவதும் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடங்குகிறது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. விக்லண்ட், கோல்விட்சர் என்ற இரு உளவியலாளர்கள் 1982இல் விளக்கிய ஒரு கருத்து உண்டு: ஒருவராக ஆக விரும்பி இன்னும் ஆக முடியாதவர்கள், அந்த ஆளுக்குரிய அடையாளப் பொருள்களைச் சேர்த்துக் குறையை நிரப்பிக்கொள்ள முயல்வார்கள் என்பது. ஆரிக்காரியாக இருக்கும் அக்காவுக்கு அடையாளம் தேவைப்படவில்லை. எனக்கு 260 தேவைப்பட்டன. வேலை முடிந்து எட்டு மணிக்கு வீடு சேர்கிறவள் ஆண்டுக்கு மூன்று ரவிக்கைக்கு மேல் முடிக்க இயலாது. அது ஒன்றும் அவமானமில்லை. ஆனால் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதைவிட 60 ரூபாய்க்கு ஒரு சரம் மணி வாங்குவது ஒவ்வொரு முறையும் எளிதாக இருந்தது. மீதியை ஒரு மகளிர் குழுவின் தையல் வகுப்புக்குக் கொடுத்தேன். பழகுகிறவர்களுக்கு நிறம் ஒத்துவர வேண்டியதில்லையாம். 31 பச்சைகளையும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்கள். அறை இப்போது காலியாக இருக்கிறது; நன்றாகவும் இருக்கிறது, கொஞ்சம் எதிரொலிக்கவும் செய்கிறது.

ஆக, ஊசிக்கு முழு மதிப்பெண். ஸ்டாண்டுக்கு முழு மதிப்பெண். இவ்வளவு காலம் என்னைச் சலிக்க விடாத வேறொரு பொழுதுபோக்கை நான் கண்டதில்லை. ஆனாலும் ஆரி கற்கலாமா என்று இன்று என்னைக் கேட்டால், வேண்டாம், ஓவியம் வரை, நடைப்பயிற்சி போ என்றுதான் சொல்வேன். அடுத்த மாதம் கேட்டால் வேறு சொல்லக்கூடும். கற்றே தீர வேண்டுமென்றால் அந்தப் பெட்டியை வாங்காதே, ஓர் ஊசியும் ஒரு வட்டச் சட்டமும் ஒரு வெள்ளை நூலும் போதும் என்று தோழிக்கு எழுதி அனுப்பினேன். பெட்டி நேற்றே வந்துவிட்டதென்றும், அதில் 50 நிறங்கள் இருப்பதாகவும் பதில் வந்தது. வாழைக்குருத்துப் பச்சை இருக்கிறதா, பகல் வெளிச்சத்தில் பார்த்துச் சொல் என்று கேட்டிருக்கிறேன்.